தைலப் புட்டியில் தெரியும் வானம்

மாம்பழத்தைச் சித்திரமாக எழுத உட்காருகிறவருக்குக் கவலை இல்லை. மாம்பழத்துக்கு மஞ்சள் நிறம் இருக்கிறது. செம்பருத்திக்குச் சிவப்பு இருக்கிறது. யானைக்குக் கறுப்பாவது இருக்கிறது. கண்ணாடிப் புட்டி ஒன்றை எழுத உட்காருகிறவர்தான் பேனாவைக் கையில் பிடித்தபடி விழித்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடிக்கென்று ஒரு நிறம் கிடையாது. உற்றுப் பார்த்தால் அதற்குள் நம் வீட்டு ஜன்னல் தெரிகிறது. மேஜையின் விளிம்பு தெரிகிறது. கடைசியில் நம்முடைய மூக்கே சற்று விகாரமாக வீங்கிக் கொண்டு எதிரே வந்து நிற்கிறது! அருகில் இருப்பதை எடுத்துக் காட்டும் பளிங்கைத்தான் வள்ளுவர், உள்ளத்தில் இருப்பதைக் காட்டிவிடும் முகத்துக்கு உவமை சொன்னார். சித்திரக்காரர்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

குன்னூரிலிருந்து ஒரு தாயார் இப்பகுதிக்கு எழுதிய கடிதமே இவ்வாரம் என்னை இந்த விஷயத்தில் இறக்கிவிட்டது. அந்த அம்மாளின் குமாரன் கம்ப்யூட்டரில் சித்திரம் பழகுகிறானாம். மனிதர், மரம், மலை எல்லாம் ஒருவாறு வந்துவிடுகின்றனவாம். "கண்ணாடி டம்ளரை எழுதினால் மட்டும் பிளாஸ்டிக் டம்ளர் ஆகிவிடுகிறது. இது யந்திரத்தின் குறையா, பிள்ளையின் குறையா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மணி, குறை யந்திரத்திலும் இல்லை, பிள்ளையின் கையிலும் இல்லை. பிள்ளை டம்ளரைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக, டம்ளரைப் பற்றித் தன் மனத்தில் இருக்கும் ஓர் எண்ணத்தைப் பார்த்து எழுதுகிறான். அதைத் திருத்துவதற்குச் சற்று ஒளியின் இயல்பையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கண்ணாடியின் மீது நேராக வந்து விழும் வெளிச்சத்தில், 100-க்கு ஏறக்குறைய 4 பங்குதான் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மீதியெல்லாம் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆனால் வெளிச்சம் சாய்ந்து வந்து பட்டால் கணக்கு மாறிவிடும். நேரிலிருந்து 45 பாகை சாய்ந்து வரும்போது 5 பங்கு திரும்பும். 80 பாகை சாய்ந்தால் ஏறக்குறைய 39 பங்கு திரும்பும். புட்டியின் நடுப்பகுதி நம்மை நேராக நோக்கியிருக்கிறது. விளிம்போ நம் பார்வையிலிருந்து சாய்ந்து ஒதுங்குகிறது. ஆகவே நடுவில் கண்ணாடி, ஊடுருவிப் பார்க்க வழி விடுகிறது. விளிம்பை நெருங்க நெருங்க நிலைக்கண்ணாடியைப் போல் பிரதிபலிக்கத் தொடங்குகிறது. பிள்ளைகள் புட்டி முழுவதிலும் ஒரே அளவாக வெண்மை பூசிவிடுகிறார்கள். அது பிளாஸ்டிக் ஆவதற்கு முதற்காரணம் இதுதான்.

'4 பங்கு வெளிச்சம் எப்படிப் பளீரென்று தெரியும்?' என்று கேட்கலாம். வெளியே இருக்கும் வானத்தின் வெளிச்சம், அறைக்குள் இருக்கும் சுவரின் வெளிச்சத்தைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அந்தப் பெருஞ்செல்வத்தில் 4 பங்கு என்றாலும், இருண்ட மூலையின் ஏழ்மைக்கு முன்னால் அது பிரகாசமாகத்தான் இருக்கும். இதே காரணத்தால், புட்டிக்குப் பின்னால் கறுப்புக் கம்பளி தொங்கினால் பளபளப்பு தூக்கித் தெரியும். வெள்ளைச் சுவர் இருந்தால் அது மங்கி மறைந்துவிடும். இருளுக்கும் வெள்ளைக்கும் ஒரே பளபளப்பை எழுதுகிறவர், புட்டியின் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மேலே படிந்திருப்பது எது, உள்ளே இருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பது சித்திரக்காரருக்கு மட்டும் உரிய வித்தை அன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் 1921-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' என்னும் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பமே என்பது அந்நாளில் பெரியவர்களின் அபிப்பிராயம். ராமன் நிக்கல் பட்டகம் என்ற ஒரு சிறு கருவியைக் கண்ணருகே பிடித்துத் திருப்பி, நீரின் மேல் விழுந்திருந்த வானத்தின் பிரதிபலிப்பை அவித்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்று அவர் தெளிந்தார். நோபெல் பரிசு 1930-இல் வந்தது; அந்தப் பாதையில் ஓர் ஆரம்ப அடி, கப்பல் தளத்தில் நின்று இவ்வாறு பார்த்ததே.

நம் வீடுகளில் நிக்கல் பட்டகம் இராது. 'போலராய்டு' என்று சொல்லப்படும் குளிர்கண்ணாடி சிலர் வீட்டில் இருக்கும். அதைக் கையில் பிடித்து, அதன் வழியே புட்டியின் விளிம்பையொட்டிய பளபளப்பைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் பளபளப்பு மங்கும். மேலும் திருப்பினால் மீண்டும் எழும். மங்கியது வெளியிலிருந்து வந்த விருந்தாளி. மங்காமல் நின்றது புட்டிக்கும் அதன் பின்னால் உள்ளவற்றுக்கும் சொந்தமானது. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும் என்பது அப்போது குழந்தைக்குச் சொல்லாமலே விளங்கும்.

இனி, வளைவின் சமாசாரம். உருண்டைப் புட்டியின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு வரையில் உள்ள அகலத்தை 10 பங்காகப் பிரித்துக் கொள்ளுங்கள். ஜன்னல் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதன் பிரதிபிம்பம் நடுக்கோட்டில் விழும். ஜன்னல் புட்டிக்கு நேர் இடப்புறத்தில் இருந்தால், நடுவிலிருந்து இடப்பக்கம் 7-ஆவது பங்கில் விழும். ஜன்னல் இடப்புறமாகப் புட்டிக்கும் பின்னால் தள்ளியிருந்தால், 9-ஆவது பங்கையும் தாண்டி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். அதாவது, நமக்குப் பின்னால் இருக்கும் பாதி உலகம் நடுவில் தாராளமாக இடம் பிடித்துக்கொள்ள, மற்றப் பாதி உலகம் ஓரத்தில் ரயிலின் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளைப் போல் நெருக்கிக்கொண்டு நிற்கிறது! நிமிர்ந்து நிற்கும் புட்டியில் ஜன்னலின் அகலம் ஒடுங்கும், உயரம் ஒடுங்காது. ஆகவே பளபளப்பு நீண்ட பட்டையாக வரும். மின்விளக்கின் குமிழைப் போன்ற கோள வடிவமானால் அகலமும் உயரமும் சேர்ந்து ஒடுங்கி, ஓரங்கள் வளையும்.

இவ்வளவையும் கண்கூடாகப் பார்க்க லவ்டேலில் ஒரு நல்ல பொருள் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டில் உதகை வரையில் நீண்ட மலை ரயில் பாதையில், உதகைக்கு முந்திய நிலையம் லவ்டேல். லாரன்ஸ் பள்ளிக்கூடத்தால் பெயர் பெற்ற இவ்வூரைச் சுற்றிலும் கற்பூர மரங்கள். யூகலிப்டஸ் என்னும் இம்மரம் இம்மலைக்கு அந்நியம். 1843-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வேரூன்றியது. அதன் இலையைக் காய்ச்சி வடித்த நீலகிரித் தைலம் இப்பக்கத்துச் சாலையோரக் கடைகளிலெல்லாம் புட்டி புட்டியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். தலைவலிக்காரர்கள் அதை முகர்ந்து பார்ப்பார்கள். சித்திரம் பழகுகிறவர்கள் உற்றுப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் தைலப் புட்டியில் ஓர் அதிசயம் உண்டு. கிரணங்களை வளைக்கும் சக்தியில் கண்ணாடிக்கு 1.5 என்றும், தண்ணீருக்கு 1.33 என்றும், இந்தத் தைலத்துக்கு ஏறக்குறைய 1.46 என்றும் எண் சொல்வார்கள். தைலமும் கண்ணாடியும் இவ்விதத்தில் மிக நெருங்கிய உறவு. நெருங்கிய உறவினருக்கு நடுவில் வேலி தெரியாதல்லவா? பாதி தைலம் உள்ள கனமான புட்டி ஒன்றைப் பாருங்கள். தைல மட்டத்துக்கு மேலே, கண்ணாடியின் வெளிப்புறத்திலிருந்து ஒன்றும் உட்புறத்திலிருந்து ஒன்றுமாகப் பளபளப்பு இரட்டைக் கோடாகத் தெரியும். மட்டத்துக்குக் கீழே உட்கோடு கரைந்துவிடும். வெளிக்கோடு மட்டும் ஒற்றையாக இறங்கி வரும். இந்த ஒரு வித்தியாசத்தை எழுதிவிட்டால், புட்டிக்குள் எதுவரை தைலம் இருக்கிறது என்று வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்கலாம். தைலம் நிறைந்த உருண்டைப் புட்டி ஒரு பூதக்கண்ணாடி. சற்றுத் தள்ளி அதன் பின்னால் இருப்பவை இடவலம் மாறித் தெரியும், ஆனால் தலைகீழாகா. வலப்பக்கத்து மரம் புட்டிக்குள் இடப்பக்கம் நிற்கும். வெயில் நாளில், புட்டியின் நிழலுக்கு நடுவில் ஒளி ஒரு பிரகாசமான கோடாகக் குவிந்து கிடக்கும். நிழல் என்றால் கறுப்பு என்று எண்ணி முழுவதும் கறுப்பை அப்பிவிட்டால் அந்த அழகு போய்விடும்.

என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் சாலையோரத்தில் தைலக் கடை வைத்திருக்கிறார். தம் புட்டிகளில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு வேண்டும் என்று மகளிடம் கேட்டார். வெளியூரில் அச்சடித்த சீட்டுகளைப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. 'நம் கடைச் சரக்கு' என்று முகத்தைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. பெண் இரண்டு நாள் டேப்லெட் பலகையில் உழைத்துப் புட்டி ஒன்றை எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். கைநேர்த்தியில் குறை சொல்ல இடமில்லை. புட்டியின் இடப்புறத்து மேல் ஓரத்தில், நான்கு கட்டமாகப் பிரிந்த ஒரு வெள்ளை ஜன்னல் வளைந்து பளிச்சிட்டது.

"இது எந்த வீட்டு ஜன்னல், அம்மா?" என்று கேட்டேன்.

"தெரியலை, ஸார். நான் பார்த்த பாடத்திலே இப்படித்தான் போட்டிருந்தது."

"உங்கள் அப்பா கடையில் ஜன்னல் உண்டா?"

அவள் சிரித்துவிட்டாள். "கடைக்குச் சுவரே மூணு பக்கந்தான், ஸார். முன்பக்கம் பூராவும் திறந்துதான் கிடக்கும்."

மறுநாள் மாலை பள்ளி விட்டதும் அவள் கடையிலேயே உட்கார்ந்து எழுதினாள். ஜன்னல் இருந்த இடத்தில் கடையின் திறந்த வாசல் வந்தது: மேலே மூடுபனி வானத்தின் சாம்பல் கலந்த வெண்மை அகன்ற பட்டையாக நின்றது, அதன் கீழே கற்பூர மரங்களின் கரிய வரிசை, மரங்களுக்கும் கீழே, நடுவில், விரல் நகத்தளவில் ஓர் உருவம். "இது யார்?" என்றேன். "அப்பாதான், ஸார். எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்" என்றாள். அந்தச் சீட்டு இப்பொழுது புட்டிகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த நகத்தளவு மனிதரைக் கண்டுபிடிப்பார்கள் என்பது வேறு விஷயம். கடைக்காரர் வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த நான்கு கட்ட ஜன்னல் ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஓர் அறையில் உண்மையாகவே இருந்தது. அங்கே இருந்த ஒருவர் அதைப் பார்த்து எழுதினார். அது அவருக்குச் சரி. அவரைப் பார்த்து ஆயிரம் பேர் எழுதினார்கள். இன்று நம் பிள்ளைகள் லவ்டேல் மூடுபனியில் உட்கார்ந்துகொண்டு அந்த அறையின் ஜன்னலை எழுதுகிறார்கள். வேறொருவர் வீட்டு ஜன்னலை நம் வீட்டுப் புட்டியில் ஒட்டவைக்கும் பழக்கம் சித்திரத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் பிழையாக எண்ணிவிடக் கூடாது. மூடுபனி வெளிச்சம் மென்மையானது என்பதால் பளபளப்பின் ஓரங்களையெல்லாம் மென்மையாகத் தேய்த்துவிடுகிறார்கள். கண்ணாடி வழுவழுப்பானது, அது எதையும் தேய்ப்பதில்லை. வானத்தின் ஓரத்தில் பனி கரைந்திருந்தால் பிரதிபிம்பத்திலும் கரைந்திருக்கும். கூரையின் ஓரம் கூர்மையாக இருந்தால் பிரதிபிம்பத்திலும் கூர்மையாகவே இருக்கும். எல்லாவற்றையும் மிருதுவான தூரிகையால் ஊதிவிட்டதுபோல் எழுதுவதே பிளாஸ்டிக் ஆவதற்கு இரண்டாவது காரணம்.

கம்ப்யூட்டரில் இதை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கிரிட்டா' முதலிய செயலிகள் காசில்லாமலே கிடைக்கின்றன. அவற்றில் லேயர் என்னும் அடுக்குகள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை வைத்து எழுதுவதைப் போன்ற ஏற்பாடு. முதல் அடுக்கில் புட்டி இல்லாத பின்னணி. இரண்டாவதில் புட்டிக்குள் இடவலம் மாறித் தெரியும் பின்னணி. மூன்றாவதில் விளிம்பின் கருங்கோடுகளும் தைல மட்டமும். மேலே கடைசி அடுக்கில்தான் வெளியிலிருந்து வந்த பிரதிபிம்பம். அந்தக் கடைசி அடுக்கைச் சாதாரண முறையில் விடாமல் 'ஸ்கிரீன்' அல்லது 'அடிஷன்' என்ற முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண முறை வர்ணத்தைச் சுண்ணாம்பு போல் மேலே பூசி மறைக்கும். இம்முறைகளோ கீழே இருக்கும் வெளிச்சத்தோடு மேலே வரும் வெளிச்சத்தைச் சேர்க்கும். இயற்கையும் அப்படித்தான் செய்கிறது. கம்ப்யூட்டர் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை அளக்கிறது. அடிஷன் முறையில், இருண்ட பின்னணி 40 ஆக இருந்து பிரதிபிம்பம் 60 ஆனால், கூட்டிய தொகை 100. பளபளப்பு தெளிவாக எழும். பின்னணியே 230 ஆக இருந்தால் 255-க்கு மேல் போக இடமில்லை. பளபளப்பு தானாக அடங்கிவிடும். ஆகையால் 255 என்ற முழு வெண்மையைச் சுவருக்கும் சட்டைக்கும் வாரி இறைத்துவிடாமல், பளபளப்புக்காகச் சேமித்து வைக்க வேண்டும். பச்சைப் புட்டியானாலும் அதன் மேல் படும் வானம் வெண்மையாகவே இருக்கும் என்பதையும் மறக்கலாகாது. ஊடுருவி வரும் வெளிச்சம்தான் பச்சை.

அடுக்கு என்பது நமக்குப் புதிய யுக்தி அன்று. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் கண்ணாடிச் சித்திரக்காரர்கள் கண்ணாடியின் பின்புறத்தில் எழுதினார்கள். முன்புறத்திலிருந்து பார்க்க வேண்டிய படம் ஆதலால், மேலே தெரிய வேண்டிய கோடுகளையும் நகைகளையும் முதலில் எழுதி, பின்னணியைக் கடைசியில் பூசினார்கள். எது மேலே, எது கீழே என்பதை எழுதத் தொடங்குமுன்பே மனத்தில் அடுக்கிக்கொண்ட கைகள் அவை. பூசியதை அழித்து முந்திய நிலைக்குத் திரும்பும் பொத்தான் அவர்களுக்கு இல்லை!

"இத்தனை பாடு எதற்கு, யந்திரமே செய்யாதா?" என்று சிலர் கேட்பார்கள். செய்யும். அமெரிக்காவில் ஐவன் ஸதர்லாண்ட் என்பவர் 1963-இல் ஒளிப்பேனாவால் கம்ப்யூட்டர் திரையில் கோடு இழுத்துக் காட்டினார். 1980-இல் டர்னர் விட்டெட் என்பவர், ஒவ்வொரு கிரணமும் கண்ணாடிக் கோளத்தில் பட்டு எங்கே திரும்புகிறது, எங்கே நுழைகிறது என்று யந்திரத்தையே கணக்கிடச் செய்து ஒரு படத்தை வெளியிட்டார். அந்த ஒரு படத்துக்குக் கம்ப்யூட்டர் 74 நிமிஷம் உழைத்தது. இன்று அக்கணக்கு கண் இமைப்பதற்குள் முடிகிறது. சில சொற்களைச் சொன்னால் படத்தை உண்டாக்கித் தரும் யந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் கணக்குப் போடும் யந்திரத்துக்கும் எதிரே எந்த அறை இருக்கிறது என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அது தனக்குப் பழகிய எவருடைய அறையையோ வைத்துக்கொள்ளும். தைலக் கடையில் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்ற தகப்பனாரை அது அறியாது.

கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் பிறந்து, 2021-ஆம் ஆண்டில் கொரோனாவுக்கு இரையாகி நம்மைவிட்டு மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கிராமத்துப் பெண்கள் மீது வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் வந்து விழும் வெளிச்சம், நாம் தினமும் மிதித்து நடக்கும் வெளிச்சம்தான். அவர் படங்களைப் பார்த்து 'போட்டோ மாதிரி' என்று வியந்தவர்கள் உண்டு. என்னை வியக்கவைப்பது, அந்த வெளிச்சம் எந்த ஊரினுடையது என்று கேட்க வேண்டியிராததே.

குன்னூர்த் தாயாருக்கும் மற்ற வீட்டாருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை தருகிறேன். ஊறுகாய் தீர்ந்த கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவி, பாதி தண்ணீர் நிரப்பி, மேஜை மேல் வையுங்கள். பிள்ளையிடம் பேனாவைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஜாடிக்குள் தெரியும் பொருள்களுக்கெல்லாம் ஒரு ஜாபிதா எழுதச் சொல்லுங்கள்: ஜன்னல் எத்தனை கம்பி, கதவு திறந்திருக்கிறதா, காலண்டர் எந்தப் பக்கம், எதிரே நிற்பவர் யார். பத்துப் பொருளாவது எழுதிய பிறகுதான் டேப்லெட்டைத் தொடலாம். வழக்கமாக முதல் ஐந்து சுலபமாக வரும். ஆறாவதற்குப் பிறகுதான் பிள்ளை உண்மையில் பார்க்கத் தொடங்குவான். பெற்றோர் அப்போது குறுக்கே நடமாடாமல் ஓரிடத்தில் அமர்ந்திருப்பது நலம். நடமாடினால் உங்களையும் ஜாபிதாவில் சேர்த்துவிடுவான். ஜாடியில் யாருடைய மூக்கும் அழகாக இராது.